ஓட்டுவதா, ஏவுவதா?

ரோபோ வாக்குவம் வாங்கியவர்களில் பலர் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு பக்கம் அதன் ஆப்பில் இருக்கிறது. மெனுவுக்குள் மெனுவாகப் போனால்தான் கிடைக்கும். திரையில் ஒரு பெரிய வட்டம், அதற்குள் ஒரு சின்ன வட்டம். சின்ன வட்டத்தைக் கட்டைவிரலால் மேலே தள்ளினால் ஹாலில் நிற்கும் ரோபோ முன்னே போகும். பக்கவாட்டில் இழுத்தால் திரும்பும். பெட்டி பிரித்த அன்று பிள்ளைகள் அதை வைத்துப் பாட்டியின் காலைத் துரத்துவார்கள். சில வாரங்களில் அப்படி ஒரு பக்கம் இருந்ததே மறந்துபோகும்.

சலிப்பு மட்டும் காரணமில்லை. ஹாலிலிருந்து படுக்கையறைக்கு அதை ஓட்டிப் பாருங்கள். ரோபோவின் குறுக்களவு சுமார் 35 செ.மீ.; கதவு இரண்டரை, மூன்றடி அகலம். இடம் தாராளம். இருந்தும் நிலையில் இடிக்கும். இடப்பக்கம் திருப்பினால் வேண்டியதைவிடக் கூடுதலாகத் திரும்பும். சரிசெய்யப் போனால் வலப்பக்கமும் அதே கதைதான். ஓட்டுகிறவர் பத்து வயதுப் பையனா, இருபது வருடம் லாரி ஓட்டியவரா என்பதில் பெரிய வித்தியாசம் தெரியாது. அதே பையன் கடையில் வாங்கிய ரிமோட் காரை அதே கதவு வழியாக லாவகமாக ஓட்டிவிடுவான் என்பதுதான் வேடிக்கை.

கைக்குள் அடங்கும் கருவியை வைத்து ஒரு ரோபோவை நடத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஓட்டுவது: ஒவ்வொரு திருப்பத்தையும் நாமே சொல்வது. மற்றது, ஏவுவது: 'சமையலறையைப் பெருக்கிவிட்டு வா' என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்ப்பது. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் வீட்டு ரோபோக்கள் முதலாவதிலிருந்து இரண்டாவதை நோக்கி நகர்ந்திருக்கின்றன. நம் சோம்பேறித்தனம் அதற்குக் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் தூரத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

ஐந்து பைட்டுகள்

முதலில் சக்கரத்தின் பக்கமிருந்து பார்ப்போம். ஐரோபாட் நிறுவனம் 2002-இல் ரூம்பாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆர்வலர்கள் அதன் வயிற்றுக்குள் கைவைக்கத் தொடங்கிய காலத்தில் நிறுவனம் ஒரு நல்ல காரியம் செய்தது. மூடிக்கடியில் ஏழு முள் கொண்ட ஒரு துளை இருக்கிறது; அதில் கம்பியைச் செருகி ரூம்பாவோடு எந்த மொழியில் பேசலாம் என்பதை ஆவணமாக வெளியிட்டது. வீட்டு ரோபோ எப்படிக் கட்டளை வாங்குகிறது என்று கற்றுக்கொள்ள இன்றும் அதைவிட நல்ல பாடநூல் இல்லை என்பேன்.

அந்த மொழியில் 'ஓட்டு' என்பதற்கான எண் 137. அதன் பின்னால் நான்கு பைட்டுகள்: இரண்டு வேகத்துக்கு, இரண்டு வளைவுக்கு. வேகம் நொடிக்கு 500 மில்லிமீட்டர் வரை. பின்னே போக வேண்டுமென்றால் குறை எண். வளைவு என்பது ரோபோ வரைய வேண்டிய வட்டத்தின் ஆரம். இவ்வளவுதான், மொத்தம் ஐந்து பைட். ஸ்டியரிங் கிடையாது. இரண்டு சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் உருள்வதால்தான் வண்டி திரும்புகிறது. சக்கரங்களுக்கு இடையே 235 மி.மீ. இருக்கிறது. ஒரு மீட்டர் ஆரத்தில் நொடிக்கு 200 மி.மீ. வேகத்தில் வளையச் சொன்னால் வெளிச் சக்கரம் 223.5 மி.மீ. வேகத்திலும் உட்சக்கரம் 176.5 மி.மீ. வேகத்திலும் உருள வேண்டும். திரையில் நம் கட்டைவிரல் நகரும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சில்லு இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த ஆவணத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு ஒரு பகுதி. வெளியிலிருந்து ஓட்டும் கட்டளை வாங்கும்போது ரூம்பா இரண்டு மனநிலைகளில் ஒன்றில் இருக்கலாம். 'பாதுகாப்பு' நிலையில், அடியில் இருக்கும் அகச்சிவப்பு உணரிகள் தரை முடிவதாகச் சொன்னால் ரோபோ நின்றுவிடும், கட்டுப்பாட்டைப் பிடுங்கிக்கொள்ளும், நாம் 137 என்று எத்தனை முறை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாது. 'முழு' நிலையில் அப்படி எந்த மறுப்பும் இல்லை. சொன்னால் மாடிப்படியிலும் இறங்கும், உருண்டுதான். யார் சொல் கடைசி என்ற கேள்விக்கு ஆவணம் ஒரே பதிலைத் தராமல் இரண்டையும் நம் கையில் கொடுத்திருக்கிறது. உணரியும் எப்போதும் சரியாகச் சொல்லாது. கறுப்புக் கம்பளம் அகச்சிவப்பை விழுங்கிவிடுவதால் பள்ளம் என்று நினைத்து அதன் ஓரத்தில் நின்றுவிடும் ரோபோக்கள் நிறைய.

ஆரம்பகால ரூம்பாவுக்குத் தனியாக ஒரு ரிமோட்டும் கிடைத்தது. டிவி ரிமோட்டைப் போலவே அதன் முனையிலும் ஓர் அகச்சிவப்பு விளக்கு. இந்த ரகத்தில் வழக்கமான அலைநீளம் 940 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, பல மொபைல் கேமராக்களில் வெளிர் ஊதாவாகத் தெரியும். வெயிலிலும் குண்டு பல்பிலும் அகச்சிவப்பு கொட்டிக் கிடப்பதால், ரிமோட் தன் ஒளியை நொடிக்கு ஏறக்குறைய 38,000 முறை அணைத்து ஏற்றும். எதிர்ப்பக்கம் அந்தத் துடிப்பை மட்டும் வடிகட்டிக் கேட்கும். ரூம்பாவுக்கு வந்து சேருவது ஒரே ஒரு பைட்: 129 என்றால் இடது, 130 என்றால் முன்னே, 131 என்றால் வலது, 136 என்றால் பெருக்கு. ரிமோட்டின் பேச்சைக் கேட்கும் அதே கண்தான் சார்ஜ் ஏற்றும் டாக்கின் அழைப்பையும் கேட்கிறது. டாக் இரண்டு கற்றைகளை வீசும். ஆவணத்தில் அவற்றுக்குச் சிவப்பு மிதவை, பச்சை மிதவை என்று துறைமுகப் பெயர்கள். இரண்டும் ஒன்றாகக் கேட்கும் இடுக்கு வழியே நேராகப் போய் ரோபோ ஒட்டிக்கொள்ளும்.

அகச்சிவப்பு ரிமோட்டில் தாமதம் மிகக் குறைவு. டிவி ரிமோட்டுகளில் பரவலாக இருக்கும் என்.இ.சி. முறையில் ஒரு முழுச் செய்தி சுமார் 68 மில்லிநொடியில் முடிந்துவிடும். ஓட்டுவதற்கு அது போதும். குறைகள் வேறு. நேர்ப்பார்வை வேண்டும், சுவரைத் தாண்டாது. செய்தி ஒருவழியாகத்தான் போகும். சொன்னது கேட்டதா என்று ரிமோட்டுக்குத் தெரியவே தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்திலேயே நின்று ஓட்டுவதென்றால் துடைப்பத்தையே எடுத்துவிடலாமே!

அரை நொடி

மொபைல் வந்தது, தூரம் கூடியது, தாமதமும் கூடவே வந்தது. நொடிக்கு 30 செ.மீ. போகும் ரோபோவுக்கு நம் கட்டளை அரை நொடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், 'நில்' என்று சொன்ன பிறகும் அது 15 செ.மீ. போயிருக்கும். தன் அகலத்தில் ஏறக்குறைய பாதி. திரும்பும்போது நிலைமை இன்னும் மோசம். போதுமான அளவு திரும்பிவிட்டது என்று கண்ணுக்குத் தெரிந்து விரலை எடுக்கிறோம். வண்டி இன்னும் அரை நொடி திரும்புகிறது. அதைச் சரிசெய்ய எதிர்ப்பக்கம் தள்ளுகிறோம். அதுவும் தாமதமாகப் போய்ச் சேர்ந்து அளவை மீறுகிறது. பார்த்துத் திருத்தும் சுழற்சிக்குள் தாமதம் புகுந்தால் திருத்தமே ஆட்டமாக மாறும். கதவு நிலையில் இடிப்பது விரலின் தப்பல்ல. ரோபோவின் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் படம் வருவதற்கான தாமதமும் சேர்ந்துகொள்ளும். அப்போது நாம் பார்ப்பது ரோபோ இருக்கும் இடத்தை அல்ல, இருந்த இடத்தை. ரிமோட் காரின் ரேடியோ அலை கையிலிருந்து நேரே காருக்குப் போகிறது. பையனின் லாவகத்துக்கு அதுதான் ரகசியம்.

இந்தத் தொல்லையை மனிதன் முதலில் பெரிய அளவில் அனுபவித்தது வீட்டில் அல்ல, நிலவில். 1970 நவம்பர் 17 அன்று சோவியத் யூனியனின் லூனகோத்-1 மழைக்கடல் எனப்படும் நிலவுச் சமவெளியில் இறங்கியது. கிரைமியாவில் சிம்ஃபெரோபோல் அருகே இருந்த நிலையத்தில் ஐந்து பேர் கொண்ட குழு அதை ஓட்டியது: தளபதி, ஓட்டுநர், வழிகாட்டி, பொறியாளர், ஆண்டெனாவைப் பார்த்துக்கொள்ள ஒருவர். ரேடியோ அலை நிலவுக்குப் போய்த் திரும்ப இரண்டரை நொடி. போதாததற்கு வண்டியிலிருந்து வந்தது ஓடும் படமல்ல. சில நொடிகளுக்கு ஒன்றாக வரும் நிழற்படங்கள். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே வண்டி எதன் மீது ஏறியது என்பதை ஊகித்துத்தான் ஓட்டினார்கள். பத்து மாதங்களில் பத்தரை கிலோமீட்டர். 1973-இல் போன லூனகோத்-2 அதைவிடக் குறைந்த காலத்தில் 39 கிலோமீட்டர் ஓடியது. ஓட்டுநர்களுக்கு அதற்குள் கை பழகியிருந்தது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் தாமஸ் ஷெரிடனும் வில்லியம் ஃபெரலும் இதையே ஆய்வகத்துக்குள் கொண்டுவந்திருந்தார்கள். தாமதத்தோடு இயங்கும் ஓர் இயந்திரக் கையை ஆட்களிடம் கொடுத்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோரும் ஒரே உத்திக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதை ஃபெரல் 1965-இல் எழுதினார்: கொஞ்சம் நகர்த்து, நிறுத்து, விளைவு தெரியும்வரை காத்திரு, மறுபடி நகர்த்து. இடிக்காது, ஆனால் ஆமை வேகம். இரண்டு ஆண்டு கழித்து இருவரும் சேர்ந்து இன்னொரு யோசனையை முன்வைத்தார்கள். ஒவ்வொரு அசைவையும் மனிதன் சொல்லாமல், அடைய வேண்டிய இலக்கை மட்டும் சொல்லட்டும்; அதற்குப் போகும் வழியில் வரும் சின்னத் திருத்தங்களை எதிர்முனையில் இருக்கும் கணினியே பார்த்துக்கொள்ளட்டும். திருத்தும் சுழற்சி முழுவதும் தாமதத்தின் அந்தப் பக்கமே முடிந்துவிட்டால் தாமதம் எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை. மேற்பார்வைக் கட்டுப்பாடு என்று அதற்குப் பெயர். விண்வெளிக்காக யோசித்த அதுவே இன்று 'ஹாலை மட்டும் பெருக்கு' என்று தொடும் பொத்தானுக்குள்ளும் இருக்கிறது.

ஓட்டியே ஆக வேண்டும் என்றால் ஒரு காவலாவது வேண்டும். விரல் திரையில் இருக்கும்வரை கட்டளை திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்க வேண்டும். வரத்து நின்றால் ரோபோ தானாக நிற்க வேண்டும். ரோபோ ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ராஸ் மென்பொருளில் இரு சக்கர வண்டிக்கான பகுதி, அரை நொடிக்குப் புதிய கட்டளை வராவிட்டால் சக்கரத்தை நிறுத்திவிடும்படி ஏற்கெனவே அமைக்கப்பட்டிருக்கிறது. ரூம்பாவின் 137-க்கு அந்தக் காவல் கிடையாது. கடைசியாகச் சொன்னதையே அடுத்த சொல் வரும்வரை செய்துகொண்டிருக்கும். வைஃபை பாதியில் அறுந்தால் என்ன ஆகும் என்பதை அதில் புரோகிராம் எழுதியவர்களின் வீட்டுச் சுவர்கள் சொல்லும்.

கட்டிலிலிருந்து வர்ஜீனியாவுக்கு

அரை நொடி எங்கிருந்து வந்தது? மொபைலும் ரோபோவும் ஒரே அறையில், ஒரே வைஃபையில் இருக்கின்றன. இருந்தும் பல ரோபோக்களில் கட்டளை நேராகப் போவதில்லை. வீட்டு ரவுட்டர் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் மாதிரி. உள்ளே இருப்பவர் வெளியே யாரோடும் பேசலாம். முன்பின் தெரியாத ஆள் வெளியிலிருந்து வந்து 'மூன்றாம் மாடி ரோபோவைப் பார்க்கணும்' என்றால் விடமாட்டார். நாம் அலுவலகத்திலிருந்து ரோபோவைத் தொடங்க நினைக்கும்போது நாமும் அந்த வெளி ஆள்தான். ஆகவே நிறுவனங்கள் தலைகீழாக யோசித்தன. ரோபோவே வெளியே இருக்கும் சர்வர் ஒன்றோடு தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு, நாள் முழுக்க அதை அறுக்காமல் வைத்திருக்கும். மொபைலும் அதே சர்வரோடு பேசும். கட்டளை சர்வருக்குப் போய், ரோபோ திறந்து வைத்திருக்கும் அந்த வழியாக வீட்டுக்குள் திரும்பி வரும். இது வெளியூரிலிருந்து ஏவுவதற்காகக் கட்டிய பாதை. வீட்டில் கட்டிலில் படுத்தபடி ஏவினாலும் பல ஆப்கள் அதே பாதையில்தான் அனுப்புகின்றன.

சர்வர் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போக வர 0.13 நொடி, அதுவும் கடலடிக் கேபிள் வளையாமல் நேராகப் போனால். வழியில் உள்ள ரவுட்டர்களும் வைஃபை நெரிசலும் தங்கள் பங்கைச் சேர்க்கும். பல வீட்டு ரோபோக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே கேட்கும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில் இரைகிறது. நம் ஊர்ச் செங்கல், கான்கிரீட் சுவர்கள் அந்த அலையை வேறு பாதி தின்றுவிடும்.

இந்தத் தொடர்பை அறுக்காமல் வைத்திருக்கப் பல நிறுவனங்கள் கையாளும் மொழி எம்.க்யூ.டி.டி. இதன் பிறப்புக்கும் வீட்டுக்கும் சம்பந்தமே இல்லை. 1999-இல் ஐ.பி.எம்.மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற பொறியாளரோடு சேர்ந்து, எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவாக்கினார். செயற்கைக்கோள் தொடர்பில் ஒவ்வொரு பைட்டுக்கும் காசு. ஆகவே சுருக்கமோ சுருக்கம். 'நான் இருக்கிறேன்' என்று ரோபோ அவ்வப்போது அனுப்பும் செய்தி வெறும் இரண்டு பைட். சொல்லிவைத்த இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு நேரம் சத்தமே இல்லை என்றால், ஆள் போய்விட்டதாக சர்வர் முடிவுகட்டும். அப்படி நேர்ந்தால் வெளியிட வேண்டிய உயில் ஒன்றையும் கருவி முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கலாம். ஆப்பில் திடீரென்று 'ஆஃப்லைன்' என்று சாம்பல் நிறம் தோன்றும்போது, பல சமயம் நாம் படிப்பது அந்த உயிலைத்தான்.

2020 நவம்பர் 25 அன்று வர்ஜீனியாவில் உள்ள அமேசானின் சர்வர் மையங்களில் கோளாறு ஏற்பட்டது. ஐரோபாட்டின் ஆப் படுத்துவிட்டது. தன் வீட்டுத் தரையைத் தன் ரோபோவால் பெருக்க முடியவில்லை என்று அமெரிக்காவில் பலர் புலம்பினார்கள். ரோபோவின் முதுகில் இருந்த பொத்தான் என்னவோ வழக்கம்போல வேலை செய்துகொண்டுதான் இருந்தது. குனிந்து அழுத்த வேண்டும், அவ்வளவே.

இடம் தெரிந்தவனை ஏவலாம்

முதல் ரூம்பா முட்டும், திரும்பும், மறுபடி முட்டும். எங்கே இருக்கிறோம் என்பதே அதற்குத் தெரியாது. இடம் தெரியாதவனிடம் 'சமையலறைக்குப் போ' என்று ஏவ முடியாது. முன்னே, இடது, வலது என்று ஓட்டத்தான் முடியும். ஆகவே ரிமோட்டின் கதை மாறியது ரிமோட்டில் அல்ல, ரோபோவின் தலையில்.

2008-இல் கர்ட் கொனோலிகேயும் சக ஆய்வாளர்களும், 30 டாலர் செலவில் செய்யக்கூடிய லேசர் தூரமானி ஒன்றை விவரித்தார்கள். அதுவரை ரோபோ ஆய்வகங்களில் இருந்த லேசர்கள் ஆயிரக்கணக்கான டாலர். 2010-இல் நீட்டோ நிறுவனத்தின் எக்ஸ்.வி.-11 அந்த வகை லேசரைத் தலையில் சுழற்றிக்கொண்டு வீடுகளுக்குள் வந்தது: நொடிக்கு ஐந்து சுற்று, ஒரு பாகைக்கு ஓர் அளவு. 2015-இல் ரூம்பா 980 கேமராவை வைத்து அதே வேலையைச் செய்தது; கூடவே வைஃபையும் ஆப்பும் வந்தன.

வரைபடம் இருந்தால்தான் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியும். நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்தால்தான் வரைபடம் போட முடியும். இரண்டையும் ஒருசேரச் செய்யும் கணக்கு முறைதான் ஸ்லாம் எனப்படுவது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்து ரோபோ தன் இடத்தை ஊகிக்கும். மிதியடியில் சக்கரம் வழுக்கினால் ஊகம் பிசகும்; பிசகு கூடிக்கொண்டே போகும். ஏற்கெனவே பார்த்த ஒரு மூலையை மறுபடி பார்க்கும்போது, 'இது இங்கே இருக்க வேண்டியதல்லவா' என்று முழு வரைபடத்தையும் இழுத்துச் சரிசெய்துகொள்ளும். இவ்வளவும் ரோபோவுக்குள்ளேயே நடக்கிறது. வர்ஜீனியாவைக் கேட்பதில்லை.

வரைபடம் மொபைலுக்கு வந்ததும் விரல் செய்யும் வேலை மாறிவிட்டது. பூஜையறைக் கோலத்தைச் சுற்றி ஒரு செவ்வகம் வரைந்தால் அங்கே போகாது. தரையில் ஒன்றுமில்லை, சுவர் முழுக்க எண்களால் ஆனது. ஆனாலும் லேசர் காண்பது தன் உயரத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் பத்து செ.மீ. மேலே, ஒரே ஒரு தளத்தை. பாயின் ஓரம், சார்ஜர் ஒயர், கழற்றிப் போட்ட சாக்ஸ் எல்லாம் அதற்குக் கீழே. கண்ணாடிக் கதவை ஊடுருவிப் போய்விடும். முகம் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடி இருந்தால் இல்லாத அறை ஒன்றை வரைபடத்தில் கட்டிவிடும். இரண்டு செ.மீ.க்கு மேல் உயர்ந்த நிலைப்படியைப் பெரும்பாலானவை தாண்டா. பழைய வீடுகளின் நிலைப்படிகளைப் பார்த்தால் ரோபோவுக்கு அறைக்கொரு தனி நாடு.

வேறொருவர் கையில்

ஏவுவதே எப்போதும் மேல் என்று சொல்லிவிட முடியாது. ஹென்றி எவன்ஸ் என்ற அமெரிக்கர் 2002-இல் மூளைத்தண்டுப் பக்கவாதத்தால் கழுத்துக்குக் கீழே அசைவையும் பேச்சையும் இழந்தார். 2011-இல் ரோபோ ஆய்வாளர்கள் பி.ஆர்.-2 என்ற ஆளுயர ரோபோவை அவரிடம் கொடுத்தார்கள். தலையசைவைப் பின்தொடரும் கருவியால் திரையில் சுட்டியை நகர்த்தி, அந்த ரோபோவின் கையால் தன் கன்னத்தைத் தானே மழித்துக்கொண்டார். அரித்த இடத்தைத் தானே சொறிந்துகொண்டார். பின்னாளில் ஸ்ட்ரெச் என்ற எளிய, மெலிந்த ரோபோ அவர் வீட்டுக்கே வந்தது. இங்கே தாமதம், ஆமை வேகம் எதுவும் பொருட்டில்லை. அரிப்பு எங்கே என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, அதுதான் வேண்டியது. டோக்கியோவில் 2021 முதல் நிரந்தரமாக இயங்கும் டான் என்ற கஃபேயிலும் இதே கதை. அங்கே வாடிக்கையாளரிடம் பேசும் ஓரிஹைம் ரோபோக்களை இயக்குபவர்கள், வெளியே வர முடியாமல் வீட்டிலிருக்கும் மாற்றுத்திறனாளிகள். ஓட்டுவதே அவர்களுக்கு வேலை, சம்பளம்.

ஓட்டுவதற்கு இப்போது இன்னொரு பயனும் கண்டுபிடித்திருக்கிறார்கள்: பாடம் நடத்த. ஸ்டான்ஃபோர்டில் 2024 ஜனவரியில் வெளியான மொபைல் அலோஹாவில், ஒருவர் ரோபோவின் பின்னால் நின்று இரண்டு இயக்கும் கைகளைப் பிடித்து இறாலை வதக்கினார். ஒரு வேலையை ஐம்பது முறை ஓட்டிக் காட்டினால், அந்தப் பதிவிலிருந்து ரோபோ தானே செய்யக் கற்றுக்கொள்ளும்; சில வேலைகளில் பத்துக்கு ஒன்பது முறை தேறியது. இணையத்தில் பரவிய வீடியோக்களில் பல, பின்னால் நின்ற மனிதர் ஓட்டியவை. படத்தில் அவர் தெரியாததால் பார்த்தவர்கள் வாய்பிளந்தார்கள்.

2025 அக்டோபரில் 1எக்ஸ் நிறுவனம் நியோ என்ற மனித உருவ வீட்டு ரோபோவுக்கு 20,000 டாலர் விலையில் முன்பதிவு தொடங்கியது. அதற்குத் தெரியாத வேலை வந்தால், நிறுவனத்தின் ஆள் ஒருவர் தொலைவில் விஆர் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கையில் கட்டுப்பாட்டுக் கருவியோடு நம் வீட்டு ரோபோவுக்குள் புகுந்து அதைச் செய்வார். வீட்டுக்காரர் நேரம் ஒதுக்கி அனுமதிக்க வேண்டும். போகக் கூடாத இடங்களைக் குறிக்கலாம். நாம் மொபைலில் ஏவுகிறோம். வேறொருவர் எங்கிருந்தோ ஓட்டுகிறார். நம் ஊரில் வீட்டு வேலைக்கு ஆள் வைத்துப் பழகியவர்களுக்கு இது அவ்வளவு விநோதமாகப் படாது. ஆனால் வேலைக்கு வருபவரின் முகம் நமக்குத் தெரியும்.

முகம் தெரியாதவர் அனுமதி கேட்காமலும் வரலாம். 2024 மே மாதம் அமெரிக்காவின் சில நகரங்களில் ஈகோவாக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்2 ரோபோக்கள் தாமாக நகர்ந்தன. ஸ்பீக்கர் வழியாக வீட்டில் இருந்தவர்களை இனவசை பாடின. ஒரு வீட்டில் ரோபோ நாயைத் துரத்தியது. யாரோ உள்ளே நுழைந்து ஓட்டியிருக்கிறார்கள். கேமராவைப் பார்க்க நான்கு இலக்கப் பின் எண் உண்டு. ஆனால் அந்த மாதிரியில் அதைச் சரிபார்த்தது ஆப் மட்டுமே, சர்வர் அல்ல என்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதற்கு முன்பே காட்டியிருந்தார்கள். ஆப்பை ஏமாற்றத் தெரிந்தவருக்குப் பூட்டே இல்லை. 2022-இல் வெளிவந்த இன்னொரு விவகாரத்தில் ஹேக்கரும் இல்லை. ஐரோபாட்டின் சோதனை ரோபோக்கள் வீடுகளுக்குள் எடுத்த படங்களில் 'இது நாற்காலி, இது நாய்' என்று பெயர் ஒட்டும் வேலை வெனிசுவேலாவில் இருந்த ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் போனது. அவற்றில் சில அவர்களின் சமூக ஊடகக் குழுக்களில் உலவின. கழிவறையில் இருக்கும் ஒரு பெண்ணின் படமும் அதில் இருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் சோதனைக்கு ஒப்புக்கொண்டவர்கள்தான் என்றது நிறுவனம்.

ஓட்டிய காலத்தில் ரோபோவுக்குக் கண் தேவைப்படவில்லை. நம் கண்ணே போதும். ஏவ வேண்டுமென்றால் அதற்கு வரைபடம் வேண்டும், கேமராவோ லேசரோ வேண்டும், நம் வீட்டைப் பற்றிய ஞாபகம் வேண்டும். அந்த ஞாபகத்தை ரோபோவுக்குள் வைக்கலாம். சர்வரில் வைத்தது நிறுவனங்களின் தேர்வு. அதன் விலையை நீட்டோ வாங்கியவர்கள் கொடுத்தார்கள். அதன் தாய் நிறுவனமான ஜெர்மனியின் ஃபோர்வெர்க் 2023-இல் நீட்டோவை மூடியது. சர்வர் குறைந்தது ஐந்து ஆண்டாவது ஓடும் என்றார்கள், 2025-இலேயே அணைத்தார்கள். லேசர் சுழல்கிறது, சக்கரம் உருள்கிறது, முதுகுப் பொத்தானும் வேலை செய்கிறது. ஆப்பில் மட்டும் அறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த ஆண்டு டிசம்பரில் ஐரோபாட்டே திவால் மனு போட்டு, அதுவரை தனக்கு ரூம்பா தயாரித்துக் கொடுத்துவந்த சீன நிறுவனத்தின் கைக்குப் போனது.

வேறு வழியும் உண்டு. வலெட்டுடோ என்ற திறந்த மென்பொருள், சில மாதிரி ரோபோக்களை நிறுவனத்தின் சர்வரோடு பேசவிடாமல் வீட்டு வைஃபைக்குள்ளேயே இயங்கவைக்கிறது. ஏற்றுவதற்குக் கொஞ்சம் கைத்திறன் வேண்டும். ஆப்பிள், கூகுள், அமேசான் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய மேட்டர் என்ற பொதுத்தரம் 2023 அக்டோபரில் வந்த 1.2 பதிப்பில் ரோபோ வாக்குவத்தையும் சேர்த்துக்கொண்டது. மேட்டரில் கட்டளை வீட்டு நெட்வொர்க்கை விட்டு வெளியே போக வேண்டிய கட்டாயமில்லை. தொடங்கு, நிறுத்திவை, தொடர், டாக்குக்குத் திரும்பு, துடைப்பது மட்டும், இந்த அறைகளை மட்டும் என்பவற்றையெல்லாம் அந்தத் தரத்தை ஏற்ற எந்த நிறுவனத்தின் மொபைலும் அதை ஏற்ற எந்த நிறுவனத்தின் ரோபோவுக்கும் சொல்லலாம். முன்னே, பின்னே, இடது, வலது என்பவற்றுக்கு அந்தத் தரத்தில் கட்டளையே கிடையாது. ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இன்னமும் அந்தந்த நிறுவனத்தின் சொந்த ஆப்பையே திறக்க வேண்டும்.